ஒன்பதாம் இடத்துச் சாளரம்

அந்தத் தெருவில் படக்காரம்மா கேமரா முக்காலியை விரிக்கும் இடமெல்லாம், மேலே சாளரங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மழைக்கு அஞ்சிச் சாத்தும் பரபரப்பு அதில் இராது. வேண்டாதவர் வரக் கண்டு, ஓசை எழாமல் தாழிடும் நிதானம் இருக்கும். கீழே கடைவாயில்களில் நிற்பவர்கள் கையிலிருக்கும் வேலையை விடாமலே ஓரக்கண்ணால் அவரை அளப்பார்கள். பூட்டுக் கடைக்காரர் மட்டும் அளப்பதை மறைக்க மாட்டார்.

"வந்துட்டாங்கய்யா. மலையைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டுத்தான் போவாங்க போல."

அவர் காதில் விழட்டும் என்றே சொல்வது.

"பை சின்னது. உங்க கடைதான் அடங்கும்" என்பார் படக்காரம்மா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்து ஆறாண்டு. தெரு நடுவில் வளைகிறதே, அந்த வளைவுக்கு மேற்கே, மாடியில்லாத ஒரு சிறு வீட்டில் தனியே வாழ்ந்தார். வளைவுக்குக் கிழக்கே நின்றால்தான் மலை தெரியும். ஊரை ஒட்டிய தரிசுவெளியின் கோடியில், கூட்டத்தோடு சேராமல் ஒற்றையாக எழுந்து நிற்கும் இருநூறு அடிக் குன்று அது. அதன் முன்முகத்தை அடியிலிருந்து நாற்பது அடி உயரம் வரை வெட்டிக் கல்குவாரி அமைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. புதிதாக ஒன்று எழும்பும்போதோ வெட்டப்படும்போதோ அது எங்கெங்கிருந்து கண்ணில் படும், எவ்வளவு உறுத்தும், அந்த உறுத்தலை எப்படிக் குறைக்கலாம் என்று ஆராய்ந்து எழுதுவது படக்காரம்மா பணியாற்றிய அலுவலகத்தின் தொழில். இந்த மலை அவர் பங்குக்கு வந்தது.

தெருவின் கிழக்கு முனையில் பதினைந்து அடி மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரம் நட்டால் போதும், வெட்டுமுகம் ஊரார் கண்ணுக்குப் படாது என்பது நிறுவனத்தின் கூற்று. போதும் என்று அவர் வெள்ளிக்கிழமை கையொப்பமிட்டால் மலையின் முகம் போய்விடும். போதாது என்று எழுதினால், முகத்தை விட்டுவிட்டு, முதுகுப் பக்கமாகச் சுற்றிப் பாதை போட்டுத் தோண்டும்படி ஆகும். எது நடந்தாலும் அடியில் இருக்கும் பெயர் அவருடையது. அதை ஊரும் அறியும். ஊர் அவரை நம்பாததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழைய காரணம் ஒன்றும் உண்டு.

பதினெட்டு வயதில் ஒரு புகைப்பட ஸ்டுடியோவில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். படத்தை எடுப்பது அவர் வேலையன்று. எடுத்த படத்தைத் திருத்துவது. மூன்றே மயிர் கொண்ட தூரிகையால் முகத்துத் தழும்பை அழிப்பார், சோர்ந்த கண்ணுக்கு ஒளி வைப்பார், கசங்கிய சட்டையைப் படத்திலேயே தேய்த்துக் கொடுப்பார். இருப்பதை மறைக்கவும் இல்லாததை நிறுத்தவும் இவ்வளவு எளிதாகக் கைவந்த ஒருவர், தம் கைக்கே சற்று அஞ்ச வேண்டும். அந்த அச்சம் அவருக்கு அப்போது வரவில்லை.

திருமணமாகிச் சில மாதங்களில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் படம் மேசைக்கு வந்தது. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வழுக்கை. "முடி வை" என்றார் ஸ்டுடியோ உரிமையாளர். ஒரு பிற்பகல் முழுவதும் இழை இழையாக நட்டார் அவர். காதோரத்தில் மட்டும் கை சற்று நடுங்கி, ஓர் இழை வளைந்து நின்றது. மற்றபடி, வாரிவிட்டாற்போன்ற தலை.

பத்து நாள் கழித்து அதே படம் அவருடைய புகுந்த வீட்டுக் கூடத்தில் கைமாறியது. கணவரின் தங்கைக்கு வந்த வரன் அது. மாமனார் பார்த்தார், மாமியார் பார்த்தார், நாத்தனார் இரண்டு முறை பார்த்தார். கடைசியாக மருமகள் கைக்கு வந்தபோது காதோரத்து வளைந்த இழை அவரைப் பார்த்தது. கை அறிந்ததை வாய் சொல்லவில்லை. மாப்பிள்ளை நேரில் வந்த இரண்டு முறையும் தொப்பி அணிந்து வந்தார். மணம் முடிந்த பிறகுதான் தொப்பி கழன்றது.

ஒரே ஒரு முறை, ஸ்டுடியோவுக்கே வந்து, நாத்தனார் கேட்டார்: "அண்ணி, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எத்தனையோ படம் வருது. எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

ஆம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத அந்த விடை, இருபத்தெட்டு ஆண்டுகளாக இருவருக்கும் நடுவே கிடந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர் என்பதில் நாத்தனாருக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அண்ணியின்மீதுதான். நோய் என்றால் வருவார், சாவு என்றால் வருவார். உட்கார்ந்து ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அண்ணன் போன பிறகு அதுவும் குறைந்தது.

ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது படக்காரம்மா கணினியில் அதே வேலையைக் கற்றார். இன்னும் கட்டாத கட்டடத்தை இருக்கும் தெருவில் நிறுத்திக் காட்ட ஆள் தேடிய அலுவலகம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே சேர்ந்த நாள் முதல், தம்மைத் தாமே கட்டிப்போடுவதுபோல் சில விதிகளை வைத்துக்கொண்டார். கேமராவின் கண், நிற்பவர் கண்ணளவில், தரையிலிருந்து ஐந்தேகால் அடியில்தான் இருக்க வேண்டும். முக்காலியிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு அதைச் சரிபார்ப்பார். தொலைவைத் தள்ளிக் காட்டும் லென்ஸும் கூடாது, இழுத்துக் காட்டுவதும் கூடாது. அச்சிட்ட படம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முழ நூல் கட்டித் தொங்கவிடுவார். பார்ப்பவர் அதன் நுனியைத் தம் மூக்கின்மேல் வைத்து, நூல் விறைக்கும் வரை படத்தைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் படத்திலுள்ள மலையும் எதிரே நிற்கும் மலையும் ஒரே அளவில் தோன்றும். கிட்டே பிடித்தால் மலை பெருகும், எட்டப் பிடித்தால் சுருங்கும். ஏமாற்ற நினைப்பவருக்கு அந்த ஒரு முழத்தில் எவ்வளவோ இடம் உண்டு. நூல் அந்த இடத்தை அடைத்தது.

எங்கெங்கு நின்று பார்ப்பது என்ற பட்டியலை நிறுவனத்தின் மேலாளர் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்தவர், மெல்லப் பேசுபவர். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பின்னும் இரண்டு நொடி காத்துத்தான் வாய் திறப்பார். அந்த இரண்டு நொடி படக்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒன்பது எங்க சார்?"

"எந்த ஒன்பது மேடம்?"

"எட்டுக்கு அடுத்தது பத்து போட்டிருக்கு."

இரண்டு நொடி. "ஓ. டைப் பண்ணும்போது விட்டுப்போயிருக்கும். இடம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, நம்பர்தான் தாண்டிடுச்சு."

அழித்த தடத்தைக் கண்டுபிடிப்பது, தாமே ஒருகாலத்தில் அழித்துப் பிழைத்தவருக்குக் கடினமன்று. தாளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். தடம் ஏதும் இல்லை. தடமே இல்லாதது அவருடைய ஐயத்தை இன்னும் வளர்த்தது. பட்டியலில் இருந்த பதினோரு இடங்களிலும் நின்று அளந்தார். எங்காவது ஒரு மரமோ சுவரோ வேண்டுமென்றே மலையை மறைக்கும்படி தேர்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தார். இல்லை. பேருந்து நிற்குமிடம், பள்ளி வாயில், தண்ணீர்க் குழாயடி என எல்லாம் மலை முழுதும் தெரியும் நேர்மையான இடங்கள். கள்வனைத் தேடிச் சென்றவர், வீடு முழுவதும் ஒழுங்காக இருக்கக் கண்டு திகைத்ததுபோல் ஆயிற்று அவருக்கு.

பொது இடங்கள் கட்டாயம். வீடுகள், உள்ளே விட்டால் மட்டும். இது அலுவலக நெறி. ஆகவே மூன்று நாள் கதவு கதவாகத் தட்டினார்.

"யாரு?"

"மலை உங்க வீட்டுலேர்ந்து எப்படித் தெரியுதுன்னு ஒரு படம் எடுக்கணும்."

"மலை வெளியில இருக்கு. வெளியிலேயே எடுத்துக்குங்க."

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கையை நீட்டி வழிமறித்து, "இன்னிக்குப் படம்பீங்க, நாளைக்கு அந்தப் படத்துல எங்க வீடே இருக்காது. உங்க கைராசி ஊருக்கே தெரியும்மா" என்றார். மலை தெரியும் கிழக்குப் பாதியில் வீடுகள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றில் உள்ளே விடவில்லை. படிவத்தில், 'அனுமதி கிடைக்கவில்லை' என்று எழுதினார். நாற்பத்திரண்டாவது நாத்தனார் வீடு. அந்தக் கதவை அவர் தட்டவே இல்லை. அங்கே என்ன கேள்வி காத்திருக்கிறது என்று அறிவார். அந்த வீட்டுக்கும் சேர்த்தே, 'அனுமதி கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டார்.

பிறகு மண்மேடு வரவிருக்கும் இடத்தில் கம்பங்கள் நட்டு, பதினைந்து அடி உயரத்துக்குப் பச்சைத் துணி கட்டச் செய்தார். துணிக்கு அப்பால், மலையடியில், சோதனைத் துளை போடும் வண்டிகள் வந்து நின்றன. அங்கே செல்ல வேலியிட்ட பாதை ஒன்றுதான்; காவலும் உண்டு. பதினோரு இடங்களிலும் நின்று பார்த்தார். துணிக்குமேல் மலையின் மேற்பகுதி மட்டும் தெரிந்தது. அடியில் நாற்பது அடி, அடியோடு மறைந்தது. கணக்கு பொய்க்கவில்லை, படமும் பொய்க்கவில்லை. ஆயினும் நெஞ்சின் ஓரத்தில் ஏதோ ஓர் இழை வளைந்தே நின்றது.

புதன்கிழமை பிற்பகல் ஊர் மன்றத்தில் படங்கள் தொங்கின. மக்கள் வரிசையில் நின்று நூல் நுனியை மூக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி?" என்றார் பூட்டுக் கடைக்காரர்.

"உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு, அவுக்காதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்குமுன் நாத்தனார் வந்தார். ஊரில் பாதிப் பேர் உடுப்பது அவர் தைத்தது. கழுத்தில் அளவுநாடா தொங்கியது. எடுத்து வைக்க மறந்து வந்திருக்கலாம், மறக்காமலும் வந்திருக்கலாம். முதல் படத்தின் நூலை மூக்கில் வைத்தார். இரண்டாவது, மூன்றாவது. கடைசிப் படத்தில் நெடுநேரம் நின்றார்.

"படம் நல்லா இருக்கு. அண்ணி படம் எப்பவுமே நல்லாத்தான் இருக்கும்." பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி: "அந்த மூணு மஞ்சள் வண்டி எங்க? பக்கத்துல ஒரு நீலத் தொட்டி இருக்குமே, மூடி உடைஞ்சது. எல்லாத்தையும் துடைச்சுட்டீங்களா? பழக்கம் விடலையா?"

படக்காரம்மாவுக்குக் காதுமடல் சுட்டது. தெருவில் எங்கு நின்றாலும் அந்த வண்டிகள் தெரியா. மூன்று வண்டி என்பதும், தொட்டி நீலம் என்பதும், அதன் மூடி உடைந்தது என்பதும் துணிக்கு அப்பால் சென்று வந்த தமக்கும் நிறுவனத்தாருக்கும் மட்டுமே தெரியும். மேலாளர் அருகில் வந்து, இந்த முறை இரண்டு நொடி காக்காமல், "மேடம், வெளியில யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நான் கேட்கணும் சார் அதை. நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

மேலாளர் படக்காரம்மாவை ஐயுற்றார். படக்காரம்மா மேலாளரை ஐயுற்றார். ஊர் இருவரையும் சேர்த்து ஐயுற்றது. அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனத்தில் ஒரே ஓட்டம்: நிறுவனத்தார் நாத்தனாரை வந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டை விலைக்குக் கேட்டிருப்பார்கள். அல்லது தன்னைப் பொய்க்காரி ஆக்கி, அறிக்கையைத் தள்ளிவைக்க யாரோ அவளைத் தூண்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சூது ஒன்று தென்பட்டது. நேர்வழி ஒன்று இருக்கக்கூடும் என்ற நினைவு மட்டும் எழவில்லை.

வியாழக்கிழமை காலை, கேமராப் பையோடு, தையற்கடையை ஒட்டிய குறுகிய படியில் ஏறினார். முதல் மாடியில் துணிக்கட்டுகள் அடுக்கிய கிடங்கு. இரண்டாம் மாடியில் வீடு. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"என்ன அண்ணி, வழி தவறிட்டீங்களா?"

"உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

"நாப்பத்தொரு கதவு தட்டினீங்களாம். நாப்பத்திரெண்டு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்."

"மூணு வண்டின்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஏன், சொன்னவங்க பேரையும் துடைக்கணுமா?"

"அந்த மேலாளர் இங்க வந்தாரா? உள்ளதைச் சொல்லு."

"அந்த ஆளு இங்க எதுக்கு வரணும்? பாவாடை தைக்கவா?"

உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். "சங்கிலியை எடும்மா. தங்கச்சி எவ்வளவு நேரம் படியில நிக்கும்?" நாத்தனாரின் கணவர் வந்து தாமே சங்கிலியைக் கழற்றினார். காலை வெயில் அவர் தலையில் பட்டுத் தெறித்தது.

"வா தங்கச்சி. என் தலையில அன்னிக்கு நட்டியே, அதுல ஒண்ணுகூட வேர் பிடிக்கலை. இப்ப மண்மேட்டுல மரம் நடப்போறியாமே. அதாவது பிடிக்குமா?"

"அண்ணா, விளையாடாதீங்க. இவளுக்கு அந்த வண்டியைப் பத்தி யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதோ, அவ மெஷின் போட்டிருக்கிற இடம்." அவர் அறையின் மறுகோடியைக் காட்டினார். தையல் இயந்திரம் ஒரு சாளரத்தின் கீழே கிடந்தது. காலை வெயிலுக்காகச் சாளரத்தில் கனத்த திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. "காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அங்கதான் உட்கார்றா. நிமிர்ந்தா மலை."

படக்காரம்மாவின் கால் தானாக அப்பக்கம் நகர்ந்தது. நாத்தனார் குறுக்கே வந்து, சாளரத்துக்கு முதுகு கொடுத்து நின்றார்.

"இருங்க. ஒரு கேள்வி இருக்கு. ஒரு தடவை கேட்டேன், பதில் வரலை. இப்ப வந்தா திரையை விலக்குறேன். வரலைன்னா, வந்த படியில இறங்கிடுங்க."

கேள்வி எது என்று மூவருக்கும் தெரியும். கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தம் தலையைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் படம் நம்ம கூடத்துல வந்தப்போ, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஞாபகம் இல்லை என்று இப்போதும் சொல்லலாம். இருபத்தெட்டு ஆண்டு பழகிய சொல். நாவின் நுனியிலேயே இருந்தது. ஆனால் திரைக்கு அப்பால் மலை நின்றது. நாளை தம் பெயர் அதன் அடியில் எழுதப்படும். பொய் சொல்லித் திறந்த சாளரத்தின் வழியே மெய்யைப் படமெடுக்க இயலுமா என்று, அவரையறியாமல், அவர் உள்ளம் கேட்டது.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கைக்கு வந்த உடனே. காதுக்கிட்ட ஒரு இழை வளைஞ்சிருக்கும். அது என் கை நடுங்கின இடம்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"புதுசா வந்தவ. வாயைத் திறந்தா வேலை போயிடும்னு பயம்." சற்று நிறுத்தி, மீதியையும் சொன்னார். "பயம் மட்டும் இல்லை. மாமா அந்தப் படத்தைப் பார்த்து, 'என்ன அழகான தலை'ன்னு சொன்னார். நான் வெச்ச தலை. பெருமையா இருந்துச்சு."

கீழே தெருவில் ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. கணவர்தான் மெல்லக் கேட்டார், மனைவியைப் பார்த்து: "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"உங்களைத்தான் கட்டியிருப்பேன்" என்றார் நாத்தனார். "ஆனா தெரிஞ்சு கட்டியிருப்பேன்."

அவர் திரும்பித் திரையை விலக்கினார்.

மலை, அடி முதல் முடி வரை, ஒரு சுருக்கமும் மறைப்பும் இன்றி, எதிரே வந்து நின்றது. கீழே தெருமுனையில் அவர் கட்டச் சொன்ன பச்சைத் துணி, உலர்த்திப் போட்ட கைக்குட்டைபோல் தாழக் கிடந்தது. அதற்கப்பால் தரிசுவெளி முழுதும் தெரிந்தது. அதன் கோடியில், எண்ணிக்கொள்ளும்படி, மூன்று மஞ்சள் வண்டிகள். பக்கத்தில் மூடி உடைந்த நீலத் தொட்டி.

படக்காரம்மா தெருவை எட்டிப் பார்த்தார். இத்தனை ஆண்டு நடந்த தெரு. மேலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. இருபுறமும் தரைத்தளம் முழுவதும் கடை, கிடங்கு, பட்டறை. அடுப்பும் கட்டிலும் சாளரமும் எல்லாம் மாடியில். ஊரார் நடப்பதுதான் கீழே, வாழ்வது மேலே. அவருடைய ஐந்தேகால் அடி, நடப்பவரின் கண்ணை மயிரிழை பிசகாமல் அளந்தது. வாழ்பவரின் கண் அந்த அளவில் அடங்கவே இல்லை. மாடியில்லாத வீட்டில் குடியிருப்பவருக்கு அது தோன்றவில்லை. தோன்றும்படி செய்யக்கூடிய நாற்பத்தொரு கதவுகளும் அவரை நம்பாமல் சாத்திக்கொண்டன. நாற்பத்திரண்டாவதை அவரே தட்டவில்லை. ஊர் அவர்மேல் கொண்ட ஐயம், ஊரின் கண்களையே அறிக்கையிலிருந்து அழித்துவிட்டது. எந்தத் தூரிகையும் அவ்வளவு சுத்தமாக அழித்திராது.

"என்ன, அப்படியே நின்னுட்டீங்க? எடுங்க" என்றார் நாத்தனார். "நான் பக்கத்துலயே நிப்பேன். எதையும் தொடக் கூடாது. அந்தத் தொட்டியோட உடைஞ்ச மூடி வரைக்கும் இருக்கணும்."

நாற்காலியில் அமர்ந்தவரின் கண்ணளவுக்கு முக்காலியைத் தாழ்த்தி, குண்டுநூலை விட்டுச் சரிபார்த்து, படக்காரம்மா எடுத்தார். எடுத்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு வீடு போதாது. ஒரு வீட்டுப் பிரச்சினைன்னு தள்ளிடுவாங்க. இன்னும் வேணும்."

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார், துணி எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதுபோல். பிறகு சாளரத்தில் தலையை நீட்டி, எதிர்வரிசைக்குக் குரல் கொடுத்தார்.

"ஏய், கதவைத் திறங்க எல்லாரும்! அண்ணி வருவாங்க, படம் எடுக்கட்டும்!"

"அந்தம்மாவை நம்பி எப்படி விடுறது?" என்றது எதிர்மாடி.

"யாரு நம்பச் சொன்னா? நானும்தான் நம்பலை. விடாட்டி நாம என்ன பார்க்கிறோம்னு அவங்களுக்குத் தெரியாது. உள்ள விட்டுட்டு, பக்கத்துலயே நின்னு பாருங்க!"

அன்று மாலைக்குள் பதினேழு சாளரங்கள் திறந்தன. ஒவ்வொன்றிலும் அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்று காவல் காத்தது. வழிமறித்த பெரியவர் வீட்டில், படம் பதிந்த பிறகு கேமராவின் பின்புறத்தைத் தட்டிப் பார்த்து, "எங்க வீடு அதுக்குள்ள இருக்குல்ல?" என்று உறுதி செய்துகொண்டுதான் விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். நூலை மூக்கில் வைக்கக்கூட மறக்கவில்லை.

"மாடி பொது இடம் இல்லையே மேடம்."

"வீடுகளையும் சேர்க்கணும்னு நெறியிலேயே இருக்கு சார். அனுமதி கிடைச்சா. கிடைச்சிருக்கு."

"மரம் வளர்ந்தா மேல இருக்கிறவங்களுக்கும் மறைஞ்சிடும்."

"அந்த உயரத்துக்கு வளரப் பதினைஞ்சு வருஷம் ஆகும். நீங்க கேட்டிருக்கிற அனுமதி பன்னிரண்டு வருஷத்துக்கு. மரம் வளர்ந்து மறைக்கும்போது, மறைக்க மலை இருக்காது."

மேலாளர் இரண்டு நொடி காத்தார். பிறகு நான்கு நொடி. பட்டியலை எடுத்துப் பார்த்தார். எட்டுக்கும் பத்துக்கும் நடுவே, படக்காரம்மாவின் கையெழுத்தில், 'ஒன்பது: தையற்காரர் இல்லம், இரண்டாம் மாடி, கிழக்குச் சாளரம்' என்று எழுதியிருந்தது.

"ஒன்பதை நிரப்பிட்டீங்க" என்றார் அவர். முகத்தில் வந்தது புன்னகைதானா என்று சொல்ல முடியவில்லை. ஒன்பது உண்மையாகவே தட்டச்சுப் பிழையா, அல்லது ஒரு நாள் அவர் எழுதி, யோசித்து, எடுத்துவிட்ட மாடியா என்பதைப் படக்காரம்மா இன்றுவரை அறியார். கேட்டிருந்தாலும் இரண்டு நொடி கழித்து ஒரு விடை வந்திருக்கும். அதை நம்புவதா என்ற கேள்வி புதிதாகத் தொடங்கியிருக்கும்.

மண்மேடு போதாது, முன்முகத்தைத் தொடாமல் மலையின் பின்புறத்திலிருந்தே தோண்ட வேண்டும், உச்சிவரை முகம் ஒரு சுவராக நிற்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். நாற்பத்திரண்டாவது வீட்டுக்கு எதிரே தாம் முன்பு எழுதியிருந்த, 'அனுமதி கிடைக்கவில்லை' என்பதை அடித்து, 'கேட்கவில்லை. பின்னர் கேட்டுப் பெறப்பட்டது' என்று திருத்தி, திருத்தத்தின் பக்கத்திலும் கையொப்பமிட்டார். அழிக்காமல் அடித்தார், பழைய எழுத்து தெரியும்படி. அனுமதி வழங்கும் அதிகாரி அறிக்கையை ஏற்று அவ்வாறே ஆணையிட்டார்.

ஏழு மாதங்களில் மலையின் பின்னாலிருந்து இயந்திர ஓசை கேட்கத் தொடங்கிற்று. ஓசையை மறைக்கும் வேலை படக்காரம்மாவின் அலுவலகத்துக்கு உரியதன்று. அதற்காக ஊர் வேறு யாரையோ ஐயுற்றுக்கொண்டிருக்கிறது. முன்முகம் அப்படியே நிற்கிறது.

சாளரத்துப் படத்தின் ஒரு பிரதியை, நூலோடு, நாத்தனார் கேட்டு வாங்கித் தையல் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் படக்காரம்மா அங்கே போகிறார். இப்போது சங்கிலி இல்லை. தண்ணீரோடு சாப்பாடும் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் நாத்தனார் படத்தைக் கழற்றி, நூல் நுனியை மூக்கில் வைத்து, படத்து மலையையும் எதிரே நிற்கும் மலையையும் மாறி மாறி ஒப்பிடுவார். முகட்டின் ஒவ்வொரு வளைவாகக் கண் நகரும். கணவர், "இன்னும் என்னம்மா சந்தேகம்?" என்பார். அதற்கு அவர் விடை சொல்வதில்லை. எல்லாம் ஒத்துப் போகிறதா என்று முடிக்கும்வரை மூச்சுக்கூட மெல்லத்தான் விடுவார்.

பிறகு நூலைச் சுற்றிப் படத்தை ஆணியில் மாட்டுவார்.

"இன்னிக்கு வரைக்கும் சரியா இருக்கு அண்ணி. வாங்க, சாப்பிடலாம். அடுத்த வாரம் மறுபடி பார்க்கிறேன்."